வானின் ஆணை: பண்டைச் சீனத்தில் சமயமும் அரசுரிமையும்

வாள் கொண்டு ஒரு நாட்டைப் பிடித்துவிடலாம். வாளை மட்டுமே காட்டி அந்நாட்டை நெடுநாள் ஆண்டுவிட இயலாது. ஆளுகின்ற உரிமை தனக்கு எங்கிருந்து வந்தது என்பதை ஆள்வோன் ஆளப்படுவோர்க்குச் சொல்லியாக வேண்டும். பழைய அரசுகள் பலவும் இவ்வினாவுக்குச் சமயத்தின் மொழியிலேயே விடை கூறின. எகிப்திய மன்னன் தன்னைக் கடவுளின் வடிவாகவே காட்டிக்கொண்டான். பாபிலோனை ஆண்ட அம்முராபி, கடவுளர் தன்னைத் தேர்ந்தெடுத்தனர் என்று கல்லில் பொறித்தான். சீனத்தார் கூறிய விடை இவ்விரண்டினின்றும் வேறுபட்டது. வானம் ஆளும் உரிமையை ஒரு குடிக்கு அளிக்கிறது. அக்குடி நெறி பிறழுமாயின் அவ்வுரிமையைத் திரும்பப் பெற்று வேறொரு குடிக்கு வழங்குகிறது என்பதே அது. சீன மொழியில் 'தியென்மிங்' என வழங்கும் இக்கோட்பாட்டை 'வானின் ஆணை' என்று தமிழில் கூறலாம்.

இக்கோட்பாடு அமைதியான சிந்தனையில் பிறந்ததன்று. ஒரு படையெடுப்பின் குருதி உலரும் முன்பே, வென்றவர் தம் வெற்றிக்கு நியாயம் தேடிய வேளையில் பிறந்தது. எனினும், பிறர் ஆட்சியைக் கவிழ்த்ததற்குக் காட்டிய காரணம், நாளடைவில் கவிழ்த்தவரையே நிறுத்தி வினவும் அளவுகோலாயிற்று. அது எவ்வாறு நேர்ந்தது என்பதும், அதில் பாடல்களுக்கும் பாவலர்க்கும் எத்துணைப் பங்கு இருந்தது என்பதும் எண்ணத்தக்கவை.

எலும்பில் எழுதப்பட்ட அரசு

சீனத்தின் வடபகுதியில் மஞ்சளாற்றுச் சமவெளியில் கி.மு. 16ஆம் நூற்றாண்டளவில் எழுந்த ஷாங் மரபு, ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் நிலவியது. அதன் கடைசித் தலைநகர் இன்றைய ஹெனான் மாநிலத்தின் ஆன்யாங் நகரை ஒட்டியது. அதன் எச்சங்கள் நெடுங்காலம் மண்ணுக்குள்ளேயே கிடந்தன. உழவர் கண்டெடுத்த பழைய எலும்புகளை மருந்துக் கடைக்காரர் 'நாக எலும்பு' என்று பெயரிட்டு, பொடித்து விற்றுவந்தனர். 1899இல் பீகிங்கில் அரசுக் கல்விக் கழகத்தின் தலைமையில் இருந்த வாங் யீரொங் என்னும் அறிஞர், அத்தகைய எலும்புகளில் பழைய எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதை உணர்ந்தார். மறு ஆண்டே, அந்நியப் படைகள் தலைநகருள் நுழைந்தபோது, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். ஆயினும் அவர் தொடங்கிய தேடல் நின்றுவிடவில்லை. 1917இல் வாங் கூவோவெய், எலும்புகளில் காணப்பட்ட மன்னர் பெயர்களைத் தொகுத்து, வரலாற்றாசிரியர் சிமா சியென் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின் எழுதிய மன்னர் பட்டியலோடு ஒப்பிட்டார். இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. கதை என்று ஐயுறப்பட்ட மரபு அன்று வரலாறாயிற்று. 1928இல் முறையான அகழாய்வு தொடங்கியது. 1936இல் ஒரே குழியிலிருந்து பதினேழாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள் வெளிவந்தன.

இவ்வெலும்புகள் குறி கேட்கப் பயன்பட்டவை. ஆமையின் வயிற்றோட்டையோ மாட்டின் தோள் எலும்பையோ எடுத்து மெருகேற்றுவர். பின்புறத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இடுவர். குழியில் கனலை வைத்து வினாவைச் சொல்வர். சூட்டினால் முன்புறத்தில் விரிசல் விழும். அவ்விரிசலின் போக்கைக் கண்டு விடை கூறுவர். பின்னர் நாள், குறி கேட்டவரின் பெயர், கேட்ட வினா ஆகியவற்றையும், சில வேளைகளில் மன்னன் கூறிய விடையையும் நடந்த விளைவையும் அவ்வெலும்பிலேயே பொறிப்பர்.

கேட்கப்பட்ட வினாக்கள் ஓர் அரசின் அச்சங்களை அப்படியே காட்டுகின்றன. மழை வருமா? விளைச்சல் உண்டா? இன்ன நாட்டின்மீது படை செலுத்தலாமா? மன்னனுக்கு வந்த பல்வலி எந்த முன்னோரின் சினத்தால் வந்தது? வரும் பத்து நாளில் தீங்கு இராதா? இக்கடைசி வினா பத்து நாளுக்கு ஒரு முறை தவறாமல் கேட்கப்பட்டது. வூ திங் என்னும் மன்னன் தன் துணைவி ஃபூ ஹாவின் பேறுகாலம் பற்றிக் குறி கேட்டிருக்கிறான். இன்னின்ன நாளில் பிறந்தால் நலம் என்று அவனே விடை கூறுகிறான். முப்பத்தொரு நாள் கழித்துப் பிறந்தது பெண் குழவி. ஆதலின் அது நலமன்று என்று எலும்பு முடிக்கிறது. அதே ஃபூ ஹாவ் பதின்மூவாயிரம் பேரைக் கொண்ட படைக்குத் தலைமை ஏற்றவள் என்பதையும் எலும்புகளே கூறுகின்றன. 1976இல் கொள்ளை போகாத நிலையில் கண்டறியப்பட்ட அவளது கல்லறையில் நானூற்றுக்கும் மேற்பட்ட வெண்கலப் பொருள்கள் இருந்தன. போர்க் கோடரிகளும் அவற்றுள் அடக்கம்.

ஷாங் மக்கள் வழிபட்ட ஆற்றல்களுள் 'டி' என்னும் மேலோன் தலைமையானவன். காற்றும் மழையும் இடியும் பகைவர் படையெடுப்பும் அவன் கட்டளையில் அடங்கியவை. அவனை எளிதில் அணுக இயலாது. மன்னனின் முன்னோர் அவன் அருகில் இருப்பர். அவர்க்குப் படையலிட்டால் அவர் மேலோனிடம் பரிந்து பேசுவர். அம்முன்னோர்க்குப் படையலிடும் உரிமையும், விரிசலைப் படிக்கும் உரிமையும் மன்னனுக்கே உரியவை. 'ஒரு தனி மனிதனாகிய யான்' என்று அவன் தன்னைக் குறித்துக்கொண்டான். மண்ணுலகிற்கும் மேலுலகிற்கும் இடையில் ஒரே ஒரு வாயில் இருந்தது. அவ்வாயிலின் திறவுகோல் ஒரே ஒரு குருதி வழியில் இருந்தது. அதுவே ஷாங் அரசுரிமை.

இவ்வமைப்பின் கொடிய பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. படையலில் மாடும் ஆடும் மட்டுமல்ல, மனிதரும் பலியிடப்பட்டனர். ஆன்யாங்கின் அரச கல்லறைகளைச் சுற்றிலும் தலை வேறு உடல் வேறாகப் புதைக்கப்பட்டோரின் குழிகள் வரிசை வரிசையாகக் கிடைத்துள்ளன. அவருள் பலர் போரில் பிடிபட்ட அயலினத்தார். முன்னோரின் பசிக்கு அளவும் இல்லை, அறமும் இல்லை. மன்னன் நல்லவனா தீயவனா என்னும் வினாவை எலும்புகளில் எங்கும் காண இயலவில்லை. படையல் போதுமா என்பதே அங்குக் கேட்கப்பட்ட வினா.

வெற்றி எழுப்பிய நெருக்கடி

ஷாங் நாட்டிற்கு மேற்கே, வெய் ஆற்றுப் பள்ளத்தாக்கில் சௌ என்னும் குடியினர் வாழ்ந்தனர். அவர் ஷாங் மேலாண்மையை ஏற்றிருந்தவர். 1977இல் ஷென்சி மாநிலத்தில் சௌ குடியின் தாயகத்தில் கண்டெடுக்கப்பட்ட ஆரூட எலும்புகள் சிலவற்றில், ஷாங் முன்னோர்க்குப் படையலிட்ட செய்தியும் உள்ளது. தம் தலைவரின் முன்னோரையே வணங்கிய ஒரு குடி, பின்னர் அத்தலைவரை எதிர்த்து எழுந்தது.

கி.மு. 1046இல் மன்னன் வூ தலைமையில் சௌ படை கிழக்கு நோக்கிச் சென்று, மூயே என்னும் இடத்தில் ஷாங் படையை முறியடித்தது. (1996இல் சீனத்தில் தொடங்கப்பெற்ற காலக்கணிப்புத் திட்டம் வரையறுத்த ஆண்டு இது, ஓரிரு ஆண்டு வேறுபடக் கூறுவாரும் உளர்.) ஷாங் மரபின் கடைசி மன்னன் டி ஷின் தீயில் புகுந்து மாண்டான் என்று பிற்கால நூல்கள் கூறும். 1976இல் கிடைத்த ஒரு வெண்கலக் கலத்தில், வெற்றி ஒரு காலைப் பொழுதில் நிகழ்ந்தது என்றும், அதற்கு ஏழாம் நாள் மன்னன் அக்கலத்தின் உரிமையாளர்க்கு வெண்கலம் பரிசளித்தான் என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. நிகழ்ச்சிக்கு இத்துணை அண்மையான சான்று பண்டை வரலாற்றில் அரிது.

போர் ஒரு காலையில் முடிந்தது. கேள்வி அதன் பின்னரே எழுந்தது. வானுலகின் வாயில் ஷாங் குருதியில் மட்டுமே திறக்குமாயின், சௌ மன்னன் யார்? மேலோனிடம் பரிந்து பேச அவனுக்கு எந்த முன்னோர் உளர்? அவன் வலியவன் என்பது மெய்; உரியவன் என்பது எங்ஙனம்? இவ்வினா வெறும் வாதமாக இருக்கவில்லை. வெற்றிக்குப் பின் சில ஆண்டுகளில் மன்னன் வூ இறந்தான். இளையோனாகிய அவன் மகன் செங் அரியணை ஏறினான். வூவின் தம்பியாகிய சௌ கோமகன் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். உடனே, வீழ்ந்த மன்னனின் மகன் கிளர்ந்தெழுந்தான். அவனைக் காவல் காக்க அமர்த்தப்பட்டிருந்த சௌ மன்னனின் உடன்பிறந்தாரும் அவனோடு சேர்ந்துகொண்டனர். கோமகன் இக்கிளர்ச்சியை மூன்றாண்டு போரிட்டு அடக்கினார் என்பது மரபு.

ஷாங் குடியின் உயர்ந்தோரை இன்றைய லோயாங்கின் அருகே எழுப்பிய புதிய நகருக்குக் குடிபெயர்த்தனர். ஊரும் கோயிலும் இழந்து, வென்றவர் கட்டளைக்கு நின்ற அவர்களை நோக்கிச் சொல்லப்பட்ட உரைகள் 'ஆவணங்களின் நூல்' என்னும் பழந்தொகையில் உள்ளன. வானின் ஆணை தன் முழு வடிவில் அங்குத்தான் பேசப்படுகிறது.

ஆணை நிலையானதன்று

அவ்வுரைகளின் வாதம் நுட்பமானது. சௌ கோமகன், 'நீங்கள் வலியற்றவர், ஆதலின் தோற்றீர்' என்று ஷாங் மக்களிடம் கூறவில்லை. உங்கள் முன்னோர் நல்லவர் என்றே தொடங்குகிறார். ஷாங் மரபுக்கும் முன்னர் சியா என்னும் மரபு இருந்தது; அதன் கடைசி மன்னன் கொடியவனானான்; வானம் அவனைக் கைவிட்டு, ஷாங் மரபின் முதல்வனாகிய தாங்கிற்கு ஆணை அளித்தது. அன்று உங்கள் முன்னோர் செய்ததையே இன்று யாம் செய்தோம் என்கிறார். தோற்றவரின் பழங்கதையையே தம் சான்றாக்கிக்கொண்ட வாதம் இது. அதை மறுக்க வேண்டுமாயின் ஷாங் மக்கள் தம் மரபின் தோற்றத்தையே மறுக்க வேண்டும்.

இங்கே இரண்டு மாற்றங்கள் ஒருங்கே நிகழ்ந்தன. முதலாவது, 'டி' என்னும் மேலோனின் இடத்தில் 'தியென்' என்னும் வானம் முன்னே வந்தது. டி ஷாங் மன்னரின் முன்னோரோடு நெருங்கியவன். வானமோ எக்குடிக்கும் உறவன்று. ஷாங்கின் கடைசி இரு மன்னர்களின் பெயர்களிலேயே 'டி' என்னும் சொல் ஒட்டியிருத்தல் நோக்கத்தக்கது. எவர் தலைமேலும் ஒப்ப விரிந்திருப்பதை எவரும் தம் வீட்டுக் கூரையாக்கிக்கொள்ள இயலாது. இரண்டாவது, படையலின் இடத்தில் ஒழுக்கம் வந்தது. 'தெ' என்று சீனர் கூறும் அறப்பண்பே ஆணையைப் பெறவும் காக்கவும் வழி என்றாயிற்று. சௌ மன்னரும் குறி கேட்டனர், படையலிட்டனர், பழைய சடங்குகளை விட்டுவிடவில்லை. ஆயினும் படையல் மட்டும் போதும் என்று இனி எவரும் கூற இயலாது.

இக்கோட்பாடு பிற்காலத்தார் புனைந்தது அன்று என்பதற்கு வெண்கலங்கள் சான்று. 1963இல் ஷென்சி மாநிலத்துப் பாவ்ஜியில் கிடைத்த மதுக்கலம் ஒன்றில் 122 எழுத்துகள் உள்ளன. மன்னன் செங்கின் ஐந்தாம் ஆட்சியாண்டில், புதுநகர் எழுந்த வேளையில் பொறிக்கப்பட்ட அது, மன்னனின் முன்னோர் வானின் ஆணையைப் பெற்றமையைக் குறிக்கிறது. 'நடுநாடு' என்னும் தொடர், பின்னாளில் சீனத்தின் பெயராகவே அமைந்த தொடர், அறியப்பட்ட அளவில் முதன்முதலாக வருவதும் அதில்தான். செங்கின் மகன் காங் காலத்துப் பெரிய வெண்கலக் கொப்பரை ஒன்றில் 291 எழுத்துகள் உள்ளன. ஷாங் மரபின் அலுவலர் குடியில் மூழ்கியதால் ஆணையை இழந்தனர் என்று அரசன் தன் அலுவலர் ஒருவர்க்கு அறிவுறுத்துவது அதன் செய்தி. கூறப்படுவது பகைவரின் குற்றம், அறிவுறுத்தப்படுபவரோ தம்மவர். ஷாங் குடியின் வீழ்ச்சி சௌ குடிக்குப் பாடமாயிற்று.

வென்றவரின் வாதம் வென்றவரையே கட்டத் தொடங்கிய இடம் இதுவே. 'அவர்கள் தீயவராதலின் இழந்தனர்' என்று சொன்ன நாவு, 'யாமும் தீயவரானால் இழப்போம்' என்று சொல்லாமல் நிற்க இயலாது. ஆணை நிலையானதன்று என்பதைச் சௌ முன்னோர் தம் இளம் மன்னர்க்குத் திரும்பத் திரும்ப நினைவூட்டினர். அவர்தம் மூதாதையாகிய மன்னன் வென்னைப் புகழும் பாடலிலேயே, தோற்ற ஷாங் குடியின் வழித்தோன்றல்கள் தம் பழைய தலையணியோடு சௌ வேள்வியில் பணிசெய்து நிற்கும் காட்சி இடம்பெற்றுள்ளது. புகழ்ப்பாட்டின் நடுவே வைக்கப்பட்ட எச்சரிக்கை அது. வேள்விக் கூடத்தில் நின்ற இளவரசர் அம்முகங்களைக் கண்டிருப்பர்.

தோற்ற குடியின் முன்னோர் வழிபாட்டைச் சௌ மன்னர் அறுத்துவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. சொங் என்னும் சிற்றரசு ஷாங் வழித்தோன்றல்களுக்கு அளிக்கப்பட்டது. அங்கு அவர்தம் முன்னோர்க்குப் படையல் தொடர்ந்தது. ஷாங் முன்னோரைப் போற்றும் ஐந்து பாடல்கள் சௌ காலத்துத் தொகையிலேயே இடம்பெற்றுள்ளன. கன்பூசியஸின் முன்னோரும் அந்நாட்டவரே என்பது மரபு.

வாயடைத்த மன்னனும் வானை வினவிய பாடல்களும்

ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் கடந்தன. சௌ மன்னன் லீ, மலையும் சதுப்பும் தரும் பயன்களைத் தனக்கே உரியவையாக்கிக்கொண்டான். மக்கள் முணுமுணுத்தனர். மன்னன் ஒரு குறிகாரனை ஒற்றனாக்கினான். அவன் சுட்டியவர் கொல்லப்பட்டனர். தெருவில் எதிர்ப்பட்டோர் வாய்திறவாமல் கண்ணால் மட்டுமே பேசிக்கொண்டனர். குறை கூறுவோரே இல்லாமற் செய்துவிட்டேன் என்று மன்னன் மகிழ்ந்தான். ஷாவ் கோமகன் என்னும் பெரியோர் அவனைத் தடுத்துக் கூறினார்: மக்கள் வாயை அடைப்பது ஆற்றை அடைப்பதினும் தீது, கரை உடையும்போது அழிவு பெரிதாகும். ஆற்றைக் காப்போன் வழிவெட்டி நீரை விடுவான். மக்களைக் காப்போன் அவர் பேசுமாறு விடுவான். அலுவலர் பாடல்களைக் கொணர்ந்து அளிப்பதும், கண்ணிழந்த இசைஞர் பண்களால் அறிவுறுத்துவதும் அரசின் பழைய முறைகள் என்றும் அவர் எடுத்துக்காட்டினார். மன்னன் கேட்கவில்லை. மூன்றாண்டுக்குப் பின், கி.மு. 841இல், மக்கள் அவனை நாட்டைவிட்டு ஓட்டினர்.

சீன வரலாற்றில் ஆண்டு தவறாது தொடர்ந்து எண்ணப்படும் காலக்கணக்கு கி.மு. 841 முதற்கொண்டே தொடங்குகிறது. ஒரு மன்னனை மக்கள் துரத்திய ஆண்டே ஒரு பெருநாட்டின் உறுதியான காலக்கணக்குக்கு முதலாண்டாக அமைந்தது, தற்செயலேயாயினும், பொருள் பொதிந்தது.

இந்நிகழ்ச்சியில் குறி பார்க்கும் கலையின் நிலைமாற்றத்தையும் காணலாம். வூ திங் காலத்தில் குறிகாரன் வானின் மனத்தை அறியப் பயன்பட்டான். லீ காலத்தில் மக்களின் மனத்தை வேவு பார்க்கப் பயன்பட்டான். அதே வேளையில், வானின் மனம் எங்கே தெரியும் என்னும் வினாவுக்கு வேறொரு விடை உருவாகிக்கொண்டிருந்தது. எலும்பின் விரிசல் காட்டியதை இனிப் பாடலின் குரல் காட்டும் என்பதே அது.

'ஷிஜிங்' எனப்படும் பாடல் தொகையில் 305 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 160 நாட்டு வழக்குப் பாடல்கள். எஞ்சியவை அரசவைப் பாடல்களும் வழிபாட்டுப் பாடல்களும். அரசவைப் பாடல்களுள் ஒரு பகுதி சௌ ஆட்சி சரிந்த காலத்தின் முறையீடுகள். ஒரு பாடல் சூரிய கிரகணத்தையும் மலை சரிந்து பள்ளத்தாக்கு மேடானதையும் கூறி, அவற்றை ஆட்சியின் கேட்டோடு இணைக்கிறது. அமைச்சர்களைப் பெயர் சுட்டியே குற்றஞ்சாட்டுகிறது. மக்கள் படும் துன்பத்திற்கு வானத்தைப் பழிப்பதை விடுத்து மனிதரைப் பழிக்கிறது. வேறு சில பாடல்களோ வானத்தையே நேர்நின்று வினவுகின்றன: குற்றமற்றோரும் ஏன் அழிகின்றனர்? இன்னொரு பாடலை இயற்றியவர் சியாஃபு என்னும் தம் பெயரைப் பாடலுக்குள்ளேயே வைத்து, மன்னனின் கேட்டுக்குக் காரணம் ஆராயவே இதனைப் பாடினேன் என்கிறார். தொகையின் பெரும்பாலான பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை. பெயரை மறைத்தலே பாதுகாப்பாக இருக்கக்கூடிய இடத்தில் ஒருவர் தம் பெயரை எழுதி வைத்தார்.

கி.மு. 771இல் மேற்கத்திப் பழங்குடிகள் தலைநகரைத் தாக்கி மன்னன் யோவைக் கொன்றனர். மறு ஆண்டு அரசு கிழக்கே லோயாங்கிற்குப் பெயர்ந்தது. வானின் மைந்தன் என்னும் பட்டம் எஞ்சியது, வலிமை எஞ்சவில்லை. பாடல்களும் எஞ்சின.

கொப்பரையின் எடை

வலிமையற்ற அரசுக்கு வானின் ஆணை எத்துணைக் காலம் துணைநிற்கும் என்பதற்குக் கி.மு. 606இல் ஒரு சோதனை வந்தது. தெற்கே சூ நாட்டு மன்னன் சுவாங் தன் படையோடு சௌ எல்லைக்கு வந்து அணிவகுத்து நின்றான். சௌ மன்னன் அவனை வரவேற்க வாங்சுன் மான் என்னும் அலுவலரை அனுப்பினான். சுவாங் அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: அரசுரிமையின் அடையாளமாகக் காக்கப்படும் ஒன்பது வெண்கலக் கொப்பரைகளின் எடை எவ்வளவு? எடையைக் கேட்பவன் எடுத்துச்செல்ல எண்ணுகிறான் என்பது அவர்க்குப் புரிந்தது. எடை கொப்பரையில் இல்லை, அறத்தில் இருக்கிறது என்று அவர் விடையிறுத்தார். அறம் செறிந்திருந்தால் சிறிய கொப்பரையும் அசையாது. அறம் கெட்டால் பெரியதும் எளிதில் பெயரும். சௌ குடியின் அறம் தளர்ந்தது மெய். ஆணை இன்னும் மாறவில்லை. ஆதலின் எடையைக் கேட்பது முறையன்று என்றார். மன்னன் திரும்பிச் சென்றான். 'கொப்பரையின் எடை கேட்டல்' என்பது ஆட்சியைக் கவர எண்ணுதலைக் குறிக்கும் மரபுத்தொடராகச் சீன மொழியில் இன்றும் வழங்குகிறது.

இவ்விடையில் ஒரு நேர்மை உண்டு. தம் அரசின் அறம் தளர்ந்ததை அவர் பகைவன் முன்னும் மறைக்கவில்லை. அதே வேளையில் ஒரு சிக்கலும் உண்டு. ஆணை மாறவில்லை என்று அவர்க்கு எப்படித் தெரியும்? மாறிவிட்டது என்பதை யார் கூறுவர், எப்போது கூறுவர்? வென்றவனுக்கே ஆணை என்றால், அக்கோட்பாடு வெற்றியின் மறுபெயராக மட்டுமே நின்றுவிடும்.

வானம் பேசுவதில்லை

இச்சிக்கலை மென்சியஸ் நேர்நின்று எதிர்கொண்டார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் நாடுகள் ஒன்றையொன்று விழுங்கிய காலத்தில், அரசவை அரசவையாகச் சென்று பேசியவர் அவர். வானம் பேசுவதில்லை, செயலாலும் நிகழ்வாலும் காட்டுகிறது. வானத்தின் கண்ணும் செவியும் மக்களின் கண்ணும் செவியுமே என்பது அவர் பழைய ஆவணத்தினின்று எடுத்துக்காட்டிய கருத்து.

சி நாட்டு மன்னன் சுவான் அவரை மடக்க எண்ணி, சௌ மன்னன் வூ தன் தலைவனாகிய டி ஷினைக் கொன்றது முறையா என்று வினவினான். அன்பையும் அறத்தையும் அழித்தவன் தனி ஆள். அந்தத் தனி ஆள் கொல்லப்பட்டதை அறிவேன், மன்னன் கொல்லப்பட்டதாக அறியேன் என்பது மென்சியஸின் விடை. ஷாங் மன்னர் தம் உரிமையின் உயரத்தைக் குறிக்க வழங்கிய 'ஒரு தனி மனிதன்' என்னும் தொடர், இங்கே எவரும் துணையற்றவன் என்னும் பொருளில் திரும்பி வந்தது போன்று ஒலிக்கிறது.

அதே மன்னன் சுவான், கி.மு. 314இல் அண்டை நாடாகிய யென்னை ஐம்பது நாளில் வென்றான். மனித வலிமையால் மட்டும் இது முடியாது; வானம் தருவதைக் கொள்ளாவிடில் தீங்கு வரும் என்று ஆணையின் மொழியிலேயே பேசினான். யென் மக்கள் மகிழ்ந்தால் கொள்க, மகிழாவிடில் விடுக என்றார் மென்சியஸ். மன்னன் விடவில்லை. யென் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மென்சியஸின் முன் நாணுகிறேன் என்று அம்மன்னன் கூறியதாக அவர் நூல் பதிவுசெய்கிறது. வெற்றி ஆணைக்குச் சான்றன்று, வெல்லப்பட்டோரின் மனமே சான்று என்பது அங்கு நிறுவப்பட்டது.

மென்சியஸின் சொல் பின்வந்த அரசர்க்கு எத்துணை உறுத்தலாக இருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். வறிய உழவர் குடியில் பிறந்து, கிளர்ச்சியின் வழியே அரியணை ஏறிய மிங் மரபின் முதற்பேரரசன், 1394இல் அவர் நூலிலிருந்து 85 பகுதிகளை நீக்கிச் சுருக்கப் பதிப்பு வெளியிடச் செய்தான். தான் ஏறிவந்த ஏணியைத் தனக்குப் பின் எவரும் ஏறலாகாது என்று அவன் எண்ணினான் போலும்.

மீன் வயிற்றில் ஒரு பட்டுத்துணி

கி.மு. 221இல் சின் நாட்டு மன்னன் ஏனைய நாடுகளை எல்லாம் வென்று முதற்பேரரசன் ஆனான். ஐம்பூதச் சுழற்சிக் கொள்கையின்படி தன் ஆட்சி நீருக்குரியது என்று கொண்டு, கருநிறத்தையும் ஆறு என்னும் எண்ணையும் அரசின் அடையாளங்களாக்கினான். அறத்தை இழந்தால் ஆணையும் போகும் என்னும் அச்சத்திற்குச் சுழற்சிக் கணக்கில் இடமில்லை. கி.மு. 213இல் பாடல் தொகையையும் ஆவணங்களின் நூலையும் தனியார் வைத்திருத்தல் குற்றமாக்கப்பட்டு, அவை எரிக்கப்பட்டன. ஆணையைப் பேசிய நூல்களும் அவையே என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

நான்கே ஆண்டுகளில் விடை வந்தது. கி.மு. 209இல் எல்லைக் காவலுக்கு இழுத்துச்செல்லப்பட்ட தொள்ளாயிரம் பேர் பெருமழையில் சிக்கினர். குறித்த நாளில் சேராவிடில் மரண தண்டனை. அவருள் சென் ஷெங் என்னும் கூலி உழவன் ஒருவன் இருந்தான். தான் மன்னனாவான் என்று பட்டுத்துணியில் எழுதி ஒரு மீனின் வயிற்றில் அவன் வைத்தான்; மீனை வாங்கி அறுத்தவர் வியந்தனர். மன்னரும் அமைச்சரும் தனி விதையிலா முளைத்தனர் என்று கேட்டு அவன் கிளர்ச்சியைத் தொடங்கினான் என்று சிமா சியென் எழுதுகிறார். குறி பொய், வினா மெய். ஒரு காலத்தில் மன்னன் மட்டுமே படிக்கக்கூடியதாக இருந்த வானின் எழுத்தை ஒரு கூலியாள் தானே எழுதிக்கொண்டான். அவன் சில திங்களில் மடிந்தான். அவன் மூட்டிய தீயில் சின் பேரரசு கி.மு. 206இல் வீழ்ந்தது.

குதிரை ஈரல்

அத்தீயிலிருந்து எழுந்த ஹான் மரபின் முதல்வன் லியூ பாங், ஊர்க்காவல் சிற்றலுவலராக இருந்தவன். லூ ஜியா என்னும் அறிஞர் அவனிடம் அடிக்கடி பாடல் தொகையை எடுத்துக்காட்டுவார். குதிரைமேல் இருந்து நாட்டை வென்ற எனக்குப் பாடல் எதற்கு என்று அவன் சினந்தான். குதிரைமேல் இருந்தே ஆளவும் முடியுமோ என்று அவர் திருப்பிக் கேட்டார். அவன் நாணி, அரசுகள் வீழ்ந்த காரணத்தை எழுதித் தருமாறு அவரைப் பணித்தான்.

அடுத்த தலைமுறைகளில் வானத்தின் அறிகுறிகள் ஆட்சியின் பகுதியாயின. கி.மு. 178இல் சூரிய கிரகணம் தோன்றியபோது, பேரரசன் வென் தன் குறைகளைத் தானே ஏற்று, அவற்றை அஞ்சாது எடுத்துரைப்போரை அனுப்புமாறு ஆணையிட்டான். இயற்கையின் கேடுகள் வானம் அரசனுக்கு விடுக்கும் எச்சரிக்கைகள் என்று டோங் சொங்ஷூ என்னும் அறிஞர் விரிவாக வகுத்தார். முதற்பேரரசனின் நினைவுக் கோயிலில் தீப்பற்றியதை அவர் அவ்வாறே விளக்கி எழுதிய ஏடு அரசன் கைக்குப் போயிற்று. அவருடைய மாணவரே, ஆசிரியர் எழுதியது என்று அறியாமல், அது மடமை என்று கூறிவிட்டார். டோங் சொங்ஷூவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, பின் மன்னிக்கப்பட்டது. அதன்பின் அவர் கேடுகளைப் பற்றிப் பேசத் துணியவில்லை. வானத்தின் எச்சரிக்கையை விளக்குவோன் மண்ணிலே தலையைப் பணயம் வைத்தே விளக்க வேண்டியிருந்தது.

கோட்பாட்டின் உச்சமும் எல்லையும் ஒருங்கே தெரிந்தது பேரரசன் ஜிங்கின் அவையில் (கி.மு. 157-141). ஹுவாங் ஷெங் என்பவர், தாங்கும் வூவும் ஆணை பெற்றவரல்லர், தலைவரைக் கொன்றவரே என்றார். தொப்பி கிழிந்தாலும் தலைக்கே உரியது, செருப்பு புதிதாயினும் காலுக்கே உரியது. மன்னன் தவறினாலும் குடிமகன் குடிமகனே என்பது அவர் வாதம். பாடல் தொகையில் வல்ல புலவராகிய யுவான் கூ மறுத்தார். மக்கள் மனம் அவ்விருவரை நாடியது. ஆதலின் அவர் ஆணை பெற்றவரே என்றார். பின் ஒரே வினாவில் வாதத்தை முடித்தார்: 'அங்ஙனமாயின் நம் முதற்பேரரசர் சின் அரசனை விலக்கி அரியணை ஏறியது தவறோ?'

அவை அமைதியாயிற்று. ஆம் என்றால் ஹான் மரபு திருட்டு. இல்லை என்றால் நாளை ஹான் மரபையும் இவ்வாறே விலக்கலாம். பேரரசன் இடைமறித்தான். இறைச்சி உண்போன் நஞ்சுடைய குதிரை ஈரலை உண்ணாவிடினும் சுவை அறியாதவன் ஆகான். கல்வி பேசுவோன் தாங்கும் வூவும் ஆணை பெற்ற செய்தியைப் பேசாவிடினும் அறிவிலி ஆகான் என்றான். அதன்பின் அவ்வவையில் எவரும் அப்பொருளைப் பேசத் துணியவில்லை. எந்தக் கோட்பாட்டின்மீது அரியணை அமைந்திருந்ததோ, அதைப் பேசுவதே அரியணைமுன் தடைசெய்யப்பட்டது.

நிறைவாக

வானின் ஆணை என்னும் கோட்பாடு மக்களாட்சி அன்று. மன்னனை விலக்கும் முறையை அது வகுக்கவில்லை. கேட்டை அளக்கும் மன்றத்தையும் அமைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் பசியும் போரும் பிணக்குவியலும் கடந்தே ஆணை கைமாறியது. பேரரசர் பலர் அதனைத் தம் முத்திரையில் பொறித்துக்கொண்டு அதன் பொருளை மறந்தனர். எனினும், ஆளும் உரிமை பிறப்போடு வருவதன்று, திரும்பப் பெறத்தக்கது என்னும் எண்ணத்தை அது மூவாயிரம் ஆண்டுகள் ஒரு பெரும் மக்கள் கூட்டத்தின் நெஞ்சில் காத்துவந்தது.

1912 பிப்ரவரி 12இல் கடைசிப் பேரரசன் பூயி என்னும் ஆறு வயதுச் சிறுவனின் பெயரால் அரசு துறக்கும் ஆணை வெளியாயிற்று. மக்கள் மனம் செல்லும் திசையிலிருந்து வானின் ஆணையை அறிந்துகொள்ளலாம் என்னும் கருத்து அதிலும் இடம்பெற்றது. லோயாங்கின் புதுநகரில் தோற்றவர்முன் கூறப்பட்ட வாதம், அரியணையே இறங்கும் வேளையிலும் அரியணையின் மொழியாக இருந்தது. புரட்சிக்குச் சீன மொழியில் இன்று வழங்கும் 'கெமிங்' என்னும் சொல்லின் பழம்பொருளும் 'ஆணை மாறுதல்' என்பதே.

அச்சொல்லைக் காத்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் மன்னர் பெயர்கள் முன்னிற்பதில்லை. அமைச்சரைப் பெயர் சுட்டிப் பாடிய புலவர், தம் பெயரைப் பாட்டிலேயே எழுதிவைத்த சியாஃபு, பண்ணால் அறிவுறுத்திய கண்ணிழந்த இசைஞர், அவையில் அஞ்சாது வினவிய யுவான் கூ ஆகியோரே நினைவிற்கு வருகின்றனர். ஆமையோட்டின் விரிசலை மன்னன் ஒருவனே படித்தான். பாடலையோ கேட்டவர் எல்லாம் படித்தனர். எரித்த பின்னும் நினைவிலிருந்து எடுத்து எழுதினர்.